மரத்துண்டுக்கும் குரல் உண்டா?

"அக்கா, கிட்டாருக்குப் பிக்கப் மாத்தலாம்னு இருக்கேன். உள்ளே பிளாஸ்டிக் துண்டு வெச்சது ஒரு விலை, மேப்பிள் மரத்துண்டு வெச்சது நானூறு ரிங்கிட் கூட. மரம் வெச்சாத்தான் ஒரிஜினல் சவுண்டு வரும்னு சொல்றாங்க. உண்மையா?"

நிகழ்ச்சிக்கு வந்த ஒரு குரல் பதிவு இது. அனுப்பியவர் தொழிற்சாலையில் டெக்னீஷியன். வாரக் கடைசியில் நண்பர்களோடு சேர்ந்து கல்யாண விருந்துகளில் வாசிப்பவர். இரண்டு பாட்டுக்கு நடுவே கிடைக்கும் முப்பது வினாடியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே கொண்டுவந்தேன். நானூறு ரிங்கிட் பலருக்கு ஒரு வார ஓவர்டைம். அதைத் தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு மரத்துண்டை நம்பிக் கொடுக்கலாமா என்பது நியாயமான கேள்விதான்.

கிட்டார் வாசிக்காதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். ஸ்பீக்கர், ஹெட்போன், காருக்கு ஆடியோ என்று எதை வாங்கப் போனாலும், "உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அந்தப் பேச்சில் எது சரக்கு, எது கதை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இந்தச் சின்னப் பெட்டி நல்ல பாடம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மின்கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே சோப்புக் கட்டி போல உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் பிக்கப். உள்ளே இருப்பது ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பி. கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர். அதை ஐயாயிரம், எட்டாயிரம் சுற்று என்று சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிரும்போது அங்குள்ள காந்தப்புலம் ஆடுகிறது. அந்த ஆட்டம் கம்பிச் சுருளில் சிறு மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இது. வானொலியிலும் மேடையிலும் நாங்கள் பிடித்துப் பேசும் டைனமிக் மைக்கும் இதே தத்துவத்தில் வேலை செய்வதுதான். மைக்கில் சுருள் ஆடும், கிட்டாரில் தந்தி ஆடும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. பிக்கப் காற்றில் வரும் ஓசையைக் கேட்பதில்லை, காந்தப்புலத்தின் ஆட்டத்தை மட்டும்தான் பார்க்கிறது. நைலான் தந்தி மாட்டினால் அது ஊமை.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு தொல்லை உண்டு. பக்கத்தில் ஓடும் வீட்டு மின்சாரத்தையும் அது பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கூடவே வரும். இதற்கு மருந்தாக, கிப்சன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த செத் லவர் 1955இல் ஒரு வடிவமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தால் இரண்டிலும் வரும் முனகல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். முனகலைத் தடுப்பதால் அதற்கு ஹம்பக்கர் என்று பெயர்.

காப்புரிமை 1959இல்தான் கிடைத்தது. அதற்கு முன்பே 1957 வாக்கில் பிக்கப்புகள் சந்தைக்கு வந்துவிட்டன. அடியில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று ஆங்கிலத்தில் ஒரு குட்டி ஸ்டிக்கர். அந்த மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உலகமே அதை பி.ஏ.எஃப். என்று அழைக்கத் தொடங்கியது. 1950களின் கடைசியில் வந்த லெஸ் பால் கிட்டார்களில் இருந்தது இதுதான். பின்னால் ராக் இசையின் அடையாளமாக ஆகிப்போன குரல் இது. இன்று அசல் பி.ஏ.எஃப். ஒரு ஜோடி பல ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் கைமாறுகிறது.

ஸ்டிக்கரின் கதை இன்னும் முடியவில்லை. காப்புரிமை வந்த பிறகு எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த எண் 2,737,842. தேடிப் போய்ப் பார்த்தால் அது பிக்கப்பின் காப்புரிமையே அல்ல, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் பெயரில் இருந்த, தந்திகளைப் பிடித்துக்கொள்ளும் பாகத்துக்கான எண்.

இரண்டே கேள்விகள்

ஒரு பி.ஏ.எஃப்.பைப் பிரித்தால் உள்ளே பெரிய விஷயங்கள் தவிர சில்லறைப் பாகங்கள் நிறைய இருக்கும். சுருளைத் தாங்கும் பிளாஸ்டிக் பாபின், காந்தத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கொடுக்கும் மேப்பிள் மரத்துண்டு, பாபினை அடித்தட்டோடு இறுக்கும் பித்தளைத் திருகுகள், எஃகுத் திருகுகள், எஃகுப் பட்டை, சுருளைச் சுற்றிய கறுப்புத் தாள் பட்டி, மேலே உலோக மூடி. இவை ஒவ்வொன்றுக்கும் இன்று "அசலைப் போலவே" என்று தனித் தனியாக விற்பனை உண்டு. இரண்டு ரிங்கிட் பெறாத துண்டுக்கு இருபது ரிங்கிட் விலை.

எது குரலை மாற்றும், எது மாற்றாது என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒவ்வொரு பாகத்திடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். நீ மின்சாரத்தைக் கடத்துவாயா? நீ காந்தத்தில் ஒட்டுவாயா? ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து வந்தாலே இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பிக்கப் காந்தப்புலத்தை மட்டுமே பார்க்கும் ஜீவன் என்பதால், இரண்டு கேள்விக்கும் "இல்லை" என்று சொல்லும் பொருளை அது கண்டுகொள்வதே இல்லை.

மரத்துண்டு மின்சாரத்தைக் கடத்தாது, காந்தத்திலும் ஒட்டாது. பிளாஸ்டிக்கும் அப்படியே. ஆக, மேப்பிள் முட்டும் பிளாஸ்டிக் முட்டும் பிக்கப்புக்கு ஒன்றுதான். கேட்டவருக்கு என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, மரத்துக்காக அந்த நானூறு ரிங்கிட்டைக் கொடுக்க வேண்டாம்.

"மரம் அதிர்வைக் கடத்துமே" என்று ஒருவர் எழுந்து நிற்பார். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. பழைய பி.ஏ.எஃப். சுருள்களை மெழுகில் முக்கி எடுக்கவில்லை. கம்பிகள் தளர்வாக இருந்தால் பிக்கப் கொஞ்சம் மைக் போலவும் நடந்துகொள்ளும். ஒலியைக் கூட்டினால் கீச்சென்று கத்தும். ஆனால் அது பாகங்கள் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சரியாகப் பொருந்திய பிளாஸ்டிக் துண்டு, ஆடுகிற மரத்துண்டைவிட மேல்.

பாபினின் நிறத்துக்கும் இதே கதைதான். வழக்கமாகக் கறுப்பாக வந்த பாபின்கள் 1950களின் கடைசியில் கொஞ்ச காலம் பாலாடை நிறத்திலும் வந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு என்றால் "வரிக்குதிரை". இரண்டும் வெளுப்பு என்றால் சேகரிப்பாளர்கள் இன்னும் அதிகமாகக் கொடுப்பார்கள். காந்தப்புலத்துக்கு நிறம் தெரியாது. பிளாஸ்டிக்கின் ரகம் மாறினால் சுருளின் மின்தேக்குதிறன் மயிரிழை மாறலாம். அந்த மாற்றமும் கேபிளில் ஒரு சாண், இரண்டு சாண் நீளத்துக்குள் அடங்கிவிடும். கேபிளைப் பற்றிப் பிறகு வருகிறேன், ஏனென்றால் உண்மையான திருடன் அங்கேதான் இருக்கிறான்.

வெள்ளி இல்லாத வெள்ளி

இனி "ஆம்" என்று பதில் சொல்லும் பாகங்கள். இங்கே சில்லறைப் பொருள்கூடக் குரலை மாற்றும், கடைக்காரர் சொல்வதில் சரக்கும் இருக்கும்.

முதலில் மூடி. நம் வீட்டுப் பூசை அறைக்கு "ஜெர்மன் சில்வர்" தாம்பாளம் வாங்கியிருப்பீர்கள். அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம். நல்ல ஹம்பக்கரின் மூடியும் அதே ஜெர்மன் சில்வர்தான். மலிவானவற்றில் பித்தளை மூடி. மேலே பளபளவென்று முலாம் பூசியிருப்பதால் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

ஆனால் பிக்கப்புக்கு அப்படி இல்லை. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் ஓர் உலோகத் தகட்டை வைத்தால் அந்தத் தகட்டுக்குள்ளேயே மின்சாரம் சுழலத் தொடங்கும். இதைச் சுழல் மின்னோட்டம் என்பார்கள். இண்டக்ஷன் அடுப்பு பாத்திரத்தைச் சூடாக்குவது இதே வித்தையால்தான். பிக்கப்பில் இந்தச் சுழற்சி தந்தி தந்த ஆற்றலில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது, அதுவும் உயர்ந்த சுருதிகளில்தான் அதிகம் தின்னும். தகடு எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு பசி.

செம்பின் கடத்துதிறன் 100 என்று வைத்துக்கொண்டால் பித்தளை ஏறக்குறைய 28, ஜெர்மன் சில்வர் ஏறக்குறைய 6. அதனால்தான் ஜெர்மன் சில்வர் மூடி போட்டால் குரல் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், தடித்த பித்தளை மூடி போட்டால் போர்வை போர்த்தியதுபோல மங்கும். இந்த வேலைக்கு எவர்சில்வரும் ஆகும், ஆனால் அதில் ஈயப்பற்று வைப்பது சிரமம்.

மங்குவது எப்போதும் குற்றம் என்று சொல்லமாட்டேன். ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரில் கழுத்துப் பக்கத்து பிக்கப்புக்கு உலோக மூடி உண்டு. அதன் இதமான, உருண்டையான குரலுக்கு அந்த மூடியும் ஒரு காரணம். அதே கிட்டாரின் பாலம் பக்கத்து பிக்கப்புக்கு அடியில் செம்பு முலாம் பூசிய எஃகுத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். எஃகு இரண்டு கேள்விக்கும் "ஆம்" சொல்லும் பொருள். அந்தத் தகட்டைக் கழற்றினால் குரலின் உறுதி கொஞ்சம் குறைவதை உணரலாம். தகடும் சில்லறைப் பாகம்தான், ஆனால் அதற்கு வேலை இருக்கிறது.

அடுத்து காந்தம். அல்நிகோ என்ற பெயர் அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் முன்னெழுத்துகளால் ஆனது, அதில் அதிகம் இருப்பதோ பெயரில் இல்லாத இரும்பு. அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு தந்திக்கும் ஆறு அல்நிகோ குச்சிகள், குச்சியே காந்தம். மலிவான நகல்களில் ஆறு எஃகுக் குச்சிகளை வைத்து, அடியில் செராமிக் காந்தத்தை ஒட்டிவிடுவார்கள். இது வெறும் விலைக்குறைப்பு அல்ல, குரலையும் மாற்றும். எஃகு நடுவில் இருக்கும்போது சுருளின் தூண்டல்திறன் கூடும், சுழல் மின்னோட்டமும் கூடும். கண்ணாடி மணி போன்ற அந்த மேல் ஓசை குறைந்துவிடும். மலிவான கிட்டாரை வைத்திருப்பவர் "எனக்கு ஏன் அந்தச் சத்தம் வரலை?" என்று கேட்டால், இது ஒரு நேர்மையான பதில்.

கடையில் காட்டும் எண்

பிக்கப் வாங்கப் போனால் எல்லாரும் பார்க்கும் எண் ஒன்று உண்டு, அதுதான் மின்தடை. 8 கிலோ ஓம் என்றால் "சாஃப்ட்", 16 என்றால் "பவர்" என்று பேச்சு. அந்த எண் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் சொல்கிறதே தவிர குரலைச் சொல்வதில்லை. அதே சுற்றுகளை இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினால் எண் ஏறும், பலம் ஏறாது.

இன்னொரு வேடிக்கை. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரி குளிர் அறையில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், நம் ஊர் 32 டிகிரியில் ஏறக்குறைய 8.4 காட்டும். ஏர்கோன் போட்ட கடையில் ஓர் எண், வீட்டு வரவேற்பறையில் வேறு எண். சுருள் ஒன்றுதான், குரலும் ஒன்றுதான்.

கம்பியின் பூச்சு பற்றியும் பேசுவார்கள். 1950களின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஃபார்ம்வார் என்ற பூச்சு, 1960களின் நடுவில் சாதாரண எனாமல். இதில் மாயம் பூச்சின் வேதியியலில் இல்லை, தடிமனில் இருக்கிறது. தடித்த பூச்சு என்றால் கம்பிகள் ஒன்றுக்கொன்று தள்ளி உட்காரும். சுருளின் உருவம் மாறும், மின்தேக்குதிறனும் மாறும். சின்ன வித்தியாசம், ஆனால் காரணம் உள்ள வித்தியாசம்.

அசல் பி.ஏ.எஃப்.கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதற்கும் இங்கேதான் விடை. சுற்றுகளின் எண்ணிக்கை அன்று கறாராக இல்லை, கையில் கிடைத்த அல்நிகோ ரகத்தைப் போட்டார்கள். அளந்து பார்த்தால் 7 கிலோ ஓமிலிருந்து 9 வரை போகும். "பி.ஏ.எஃப். குரல்" என்று ஒரே குரல் இல்லாதபோது, அதன் மரத்துண்டை மட்டும் அச்சு அசலாகச் செய்து என்ன பயன்?

கேபிள் என்னும் திருடன்

ஊஞ்சலுக்கு ஒரு சொந்த வேகம் உண்டு. அந்த வேகத்தில் தள்ளினால் உயரப் போகும், அவசரமாகத் தள்ளினால் நகராது. பிக்கப்புக்கும் அப்படி ஒரு வேகம் உண்டு. சுருளின் தூண்டல்திறனும், சுருளோடு சேர்ந்து கேபிளில் இருக்கும் மின்தேக்குதிறனும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அந்த இடத்தில் ஓசை எகிறும், அதற்கு மேலே வேகமாகச் சரியும். இந்த உச்சம் எங்கே விழுகிறது, எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதுதான் பிக்கப்பின் குரலில் பெரும்பகுதி. ஜெர்மன் பொறியாளர் ஹெல்முட் லெம்மே பல ஆண்டுகளாக எழுதி விளக்கிவரும் விஷயம் இது.

உச்சம் விழுவது பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸுக்குள். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் அதுவே. பேச்சில் "ச", "ட" போன்ற மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதற்கும் அந்தப் பகுதிதான் வேண்டும். அறிவிப்பாளர் குரலை ஒலிப்பொறியாளர் "கொஞ்சம் பிரைட்" ஆக்கும்போது தொடுகிற பகுதியும் இதையொட்டித்தான்.

இப்போது ஒரு கணக்கு. கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 2.4 ஹென்றி உள்ள ஒற்றைச் சுருள் பிக்கப்பை 5 மீட்டர் கேபிளில் மாட்டினால், கேபிளை மட்டும் கணக்கில் எடுத்தால்கூட உச்சம் சுமார் 4,600 ஹெர்ட்ஸில் விழும். அதே பிக்கப், 10 மீட்டர் கேபிள் என்றால் சுமார் 3,250. பிக்கப்பைத் தொடவே இல்லை, மரத்துண்டைப் பற்றிப் பேசவே இல்லை. கேபிள் மட்டும் நீண்டது, குரல் வேறாகிவிட்டது. 4.4 ஹென்றி ஹம்பக்கருக்கு 5 மீட்டரில் சுமார் 3,400, 10 மீட்டரில் சுமார் 2,400.

கல்யாண மண்டபத்தில் ஆம்ப் ஒரு மூலை, வாசிப்பவர் இன்னொரு மூலை. நீளமாக இருக்கட்டும் என்று பத்து மீட்டர் கேபிள் போட்டுவிட்டு, "வீட்டுல வாசிச்ச சவுண்டு வரலை, பிக்கப் மாத்தணும்" என்றால் பாவம் பிக்கப் என்ன செய்யும்?

கிட்டாருக்குள் இருக்கும் வால்யூம் குமிழும் இதே கணக்கில் வரும். 250 கிலோ ஓம் குமிழ் உச்சத்தை அமுக்கும், 500 கிலோ ஓம் விட்டுக்கொடுக்கும். மாற்றச் சில ரிங்கிட்தான். டோன் குமிழில் உள்ள கப்பாசிட்டரிலோ மதிப்புதான் கணக்கு. வண்டு போல வரிபோட்ட பழைய ரகம் என்று சொல்லி விற்பதையும் சாதாரண ரகத்தையும் ஒரே மதிப்பில் போட்டால் காதுக்குப் பிரித்தறிவது கடினம்.

பிறகு ஏன் வித்தியாசம் கேட்கிறது?

"நானே மாத்திப் பார்த்தேன், கேட்டேன், வித்தியாசம் இருந்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கும். ஆனால் எதைக் கேட்டார்கள்?

பிக்கப் மாற்ற வேண்டுமானால் தந்திகளைக் கழற்ற வேண்டும். கழற்றியது கழற்றியாயிற்று என்று புதுத் தந்தி போடுவோம். புதுத் தந்தியின் பளிச்சென்ற ஓசை யாருக்கும் தெரியும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பழைய தந்தி சீக்கிரமே மங்கிவிடும். புது பிக்கப்பின் உயரமும் பழையதைப் போல இருக்காது. ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறினாலே ஓசை கூடும். காது இரண்டு ஒலிகளில் கொஞ்சம் உரத்ததைத்தான் "நல்லது" என்று எடுத்துக்கொள்ளும். ஒலிப்பதிவு அறையில் இது பாலபாடம். இரண்டு பதிவை ஒப்பிடும் முன் ஒலி அளவைச் சமன் செய்யாமல் பேச்சே இல்லை. அதோடு, ஈயம் பற்றவைத்து முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். அரை மணிக்கு முன் கேட்ட ஓசையின் நுணுக்கத்தை அப்படியே பிடித்துவைக்கும் நினைவு நமக்கு இல்லை.

இவற்றுக்கு மேல், காசு கொடுத்திருக்கிறோம். கொடுத்த காசுக்கு மாற்றம் கேட்க வேண்டும் என்று மனம் காத்திருக்கிறது.

இது புதியவர்களுக்கு மட்டும் வரும் மயக்கம் அல்ல. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் கிளாடியா ஃபிரிட்ஸ் என்ற ஒலியியல் ஆய்வாளரும் ஜோசப் கர்ட்டின் என்ற வயலின் செய்பவரும் குழுவாகச் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். 21 தேர்ந்த வயலின் கலைஞர்கள், மங்கிய வெளிச்சம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட பழைய வயலின்களும் புதியவையும் கையில் கொடுக்கப்பட்டன. பெரும்பாலோர் பழையது எது, புதியது எது என்று சொல்ல முடியவில்லை. அதிகம் பிடித்தது புதிய ஒன்று, மிகக் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரி. 2012இல் முடிவு வெளியானபோது வயலின் உலகமே கொஞ்சம் ஆடிப்போனது.

அதற்காகக் காதை நம்பாதே என்று சொல்ல வரவில்லை. கண்ணையும் விலைச்சீட்டையும் மறைத்த பிறகு காதை நம்பு என்கிறேன்.

நமக்குத் தெரிந்த ஒரு உதாரணமும் சொல்லலாம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தது ஐந்து தந்தி மின்மாண்டலின். சாதாரண மாண்டலினில் ஓசை சட்டென்று அறுந்துவிடும், கமகம் நிற்காது. பிக்கப்பும் ஆம்பும் வந்ததால் ஓசை நீண்டது, அந்த நீளத்தில் அவர் கமகத்தை வைத்தார். பிக்கப் இல்லாமல் அந்த இசை இல்லை. ஆனால் அவர் கச்சேரி கேட்டுவிட்டு வந்த யாராவது, "பாபின் என்ன பிளாஸ்டிக்?" என்று கேட்டிருப்பார்களா? விரலுக்கும் தந்திக்கும் நடுவே நடந்ததைத்தான் பேசியிருப்பார்கள்.

காசைப் போடும் வரிசை

சரி, குரல் பிடிக்கவில்லை, என்ன செய்யலாம்? செலவில்லாததில் தொடங்குங்கள். ஒரு திருப்புளி எடுத்து பிக்கப்பின் உயரத்தை மாற்றுங்கள். இறக்கினால் குரல் திறக்கும், ஏற்றினால் உறுதி கூடும். அளவுக்கு மேல் ஏற்றினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்து, சுருதியே கோணலாகும். ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் போதும். பிறகு புதுத் தந்தி, குட்டையான கேபிள், ஆம்பின் குமிழ்கள். முடிந்தால் வேறு ஸ்பீக்கரில் வாசித்துப் பாருங்கள், ஸ்பீக்கர் மாறினால் குரல் ஆளே மாறியது போல இருக்கும். அதற்குப் பிறகு குமிழ்களின் மதிப்பு. இவ்வளவுக்கும் பிறகு மனம் ஆறவில்லை என்றால் பிக்கப் மாற்றலாம், தவறே இல்லை. அப்போது கேட்க வேண்டியது ஒற்றைச் சுருளா ஹம்பக்கரா, தூண்டல்திறன் எவ்வளவு, குச்சி எஃகா அல்நிகோவா, மூடி பித்தளையா ஜெர்மன் சில்வரா என்பவை. மரமா பிளாஸ்டிக்கா என்ற கேள்வி பட்டியலின் கடைசியில் கூட வேண்டாம்.

அசல் பழைய பிக்கப்பை ஆசையாகச் சேர்ப்பவர்களைக் கேலி செய்யவில்லை. பாட்டியின் பித்தளை வெற்றிலைப் பெட்டிக்கு நாம் கொடுக்கும் மதிப்பு பித்தளையின் எடைக்கானது அல்ல. 1958ஆம் ஆண்டின் ஒரு மரத்துண்டு வரலாறு என்ற முறையில் விலை பெறலாம். அதை வரலாறு என்று சொல்லி விற்றால் நியாயம். குரல் என்று சொல்லி, ஓவர்டைம் காசில் வாங்க வரும் இளைஞனிடம் விற்பதுதான் நியாயமில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய பிக்கப்பில் ஒரே வரியை இரண்டு மூன்று முறை பதிவு செய்து வையுங்கள். புதியதை மாட்டி, அதே வயதுத் தந்தி, அதே உயரம், அதே கேபிளோடு மறுபடியும் பதிவு செய்யுங்கள். ஒலி அளவைச் சமன் செய்யுங்கள். தங்கையையோ தம்பியையோ கூப்பிட்டு, நாணயம் சுண்டி எது விழுகிறதோ அதைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பி உட்கார்ந்து பத்து முறை சொல்லுங்கள், பழையதா புதியதா என்று. பத்துக்கு ஆறு, ஏழு சரி என்றால் அது கண்ணை மூடிக்கொண்டு சொல்பவருக்கும் வரும். ஒன்பதோ பத்தோ சரி என்றால் அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான். உங்கள் காது உண்மையாகவே எதையோ பிடித்திருக்கிறது.

செய்து பார்த்தவர்கள் மதிப்பெண்ணோடு எழுதுங்கள். பத்துக்குப் பத்து வாங்கியவர் பதிவையும் சேர்த்து அனுப்பினால், நிகழ்ச்சியில் போட்டு நேயர்களையும் சோதித்துப் பார்த்துவிடலாம்.